தக்காளியின் சிவப்பும் கேமராவின் எண்களும்

நேயர்களுக்கு வணக்கம். கன்வேயர் பட்டையில் உருண்டு வரும் தக்காளிகளில் பழத்தையும் காயையும் பிரிக்க ஒரு கேமராவை நிறுத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. தன்மேல் விழும் ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சலின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில் பாதி பிக்சல்கள் பச்சைக்கு உரியவை. விடுபட்ட இரண்டு நிறங்களும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு கணிக்கப்படுவதால், நாம் பெறும் மூன்று எண்களில் இரண்டு ஊகமே.

அந்த எண்களை அப்படியே நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் படும் பக்கத்தில் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 30 என்று பதிவாகும் தக்காளி, நிழற்பக்கத்தில் 100, 20, 15 என்று பதிவாகலாம். பழம் மாறவில்லை, மூன்று எண்களும் மாறிவிட்டன. இதையே சாயல் (எந்த நிறம்), செறிவு (எவ்வளவு அடர்த்தி), ஒளிர்வு (எவ்வளவு வெளிச்சம்) என்று பிரிக்கும் எச்எஸ்வி வெளிக்கு, அதாவது நிறத்தை எண்களால் குறிக்கும் இன்னொரு முறைக்கு மாற்றினால், இரு பக்கத்திலும் சாயல் ஏறத்தாழ 3.5 பாகையாகவே நிற்கும். ஒளிர்வு மட்டும் பாதியாகும்.

ஆனால் சாயல் 0 முதல் 360 பாகை வரை சுற்றிவரும் ஒரு வட்டம், சிவப்போ அதன் தொடக்கமும் முடிவும் கூடுமிடத்தில் அமர்ந்திருக்கிறது. சற்றே நீலம் கலந்த 200, 30, 40 என்னும் புள்ளியின் சாயல் 356.5 பாகை. இதையும் முந்தைய 3.5ஐயும் கூட்டிச் சராசரி எடுத்தால் 180 வருகிறது, அது நீலப்பச்சை. நல்ல பழத்தை நீலப்பச்சை என்று அறிவிக்கும் நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது.

இந்த வேலைக்கு நான் விரும்புவது, பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1976இல் வகுத்த லேப் என்னும் மற்றொரு நிறவெளியைத்தான். அதன் ஓர் அச்சு பச்சையிலிருந்து சிவப்புக்கே செல்வதால், காய் பழுக்கும் பாதை அதில் ஏறக்குறைய நேராகவே விழுகிறது. கணினிக்குச் சற்றுக் கூடுதல் வேலைதான். ஆயினும், பட்டையின் மேல் எரியும் விளக்கு இன்னதென்று அறியாமல் இந்த மாற்றத்தைச் செய்ய இயலாது என்பதால், விளக்கை மாற்றும்போதெல்லாம் ஒரு வெள்ளை அட்டையைக் கேமராவின் முன் வைத்து மீண்டும் அளவுதிருத்தம் செய்தாக வேண்டும்.