மிளகைப் பற்றி வந்த மூன்று கடிதங்கள்

வணக்கம் எல்லோருக்கும். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், காணாமல் போயிருந்த என் பூனை மிளகு கிடைத்துவிட்டாள். போன வீடியோவுக்குப் பிறகு தினமும் எத்தனை பேர் விசாரித்தீர்கள், ஒருவருக்கும் பதில் போட எனக்குத் தெம்பு இல்லை, மன்னித்துவிடுங்கள்.

இதோ, கையில் இருப்பது மூன்று கடிதங்கள். கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். ஒரு விலங்கு நல அமைப்பிலிருந்து வந்தவை. மூன்றும் எனக்குத்தான், ஆனால் மூன்றும் போனது நான் காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டுக்கு. அங்கே இப்போது குடியிருப்பவர், உறையில் அந்த அமைப்பின் பெயரைப் பார்த்து நன்கொடை கேட்டு வந்த கடிதம் போல என்று முதல் இரண்டையும் பிரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மூன்றாவது உறை இல்லாத அட்டை. எழுத்து கண்ணில் பட்டதும் படித்துவிட்டு, வீட்டு உரிமையாளரிடம் என் எண்ணை வாங்கி, அன்று இரவே கூப்பிட்டுவிட்டார்.

மிளகு காணாமல் போய் அன்றோடு இருபத்து மூன்று நாள்.

முதல் கடிதத்தில் அச்சடித்த இரண்டு வரி: உங்கள் பெயரில் பதிவான பூனை எங்களிடம் இருக்கிறது, தொலைபேசியில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. அதற்குக் கீழே பேனாவால் யாரோ எழுதியிருக்கிறார்கள்: “ரொம்பப் பயந்திருக்கிறாள். இன்னும் சாப்பிடவில்லை.” பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த வரி எப்படி வயிற்றைப் பிசையும் என்று தெரியும். நாயைப் போல இல்லை, பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். மூன்று நாள் கழித்து இரண்டாவது கடிதம்: “நேற்று ராத்திரி யாரும் இல்லாத நேரத்தில் சாப்பிட்டிருக்கிறாள். கிண்ணத்தில் பாதி காலி.” அட்டையில்: “இப்போது கையில் தலையை முட்டுகிறாள். ஐந்து நாளில் யாரும் வராவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும். யாரோ பிரியமாக வளர்த்த பூனை என்று தெரிகிறது, அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.”

பதிலே வராத ஒரு முகவரிக்கு மூன்றாவது முறையும் உட்கார்ந்து எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எழுதினார். அதனால்தான் மிளகு இன்று இங்கே இருக்கிறாள்.

சரி, தப்பு எங்கே நடந்தது? என்னிடம்தான். மிளகுக்கு மைக்ரோசிப் போட்டிருக்கிறேன், தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில், ஒரு அரிசி அளவுதான் இருக்கும். நிறையப் பேர் அதை வைத்துப் பூனை எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள், முடியாது, அதில் பேட்டரியே கிடையாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் ஓர் எண்ணைக் காட்டும், பெரும்பாலும் 15 இலக்கம், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு நேராகப் பதிவேட்டில் யாருடைய தொலைபேசி, எந்த முகவரி இருக்கிறதோ அதை நம்பித்தான் மீதி எல்லாம். வீடு மாறியபோது வங்கியில் மாற்றினேன், எரிவாயு இணைப்பில் மாற்றினேன், போன் எண்ணும் புதிது, ஆனால் இந்தப் பதிவு எனக்கு ஞாபகமே வரவில்லை.

2009இல் அமெரிக்காவில் 53 காப்பகங்களில் எடுத்த ஓர் ஆய்வைப் படித்தேன். சிப் இருந்த பூனைகளில் 38 சதவீதத்துக்கு மேல் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன, தெருவிலிருந்து வந்த பூனைகளை மொத்தமாகப் பார்த்தால் அது 2 சதவீதம்கூட இல்லை. சிப் இருந்தும் உரிமையாளரைப் பிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம் என்ன தெரியுமா? தப்பான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் இன்னொன்று. அவள் கிடைத்தது எங்கே என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள், எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி, மாடிப்படிக்கு அடியில் பழைய சாமான் போட்டு வைத்திருக்கும் இடத்தில். ஒன்பதாவது நாள் அந்த வீட்டில் ஒருவர் பார்த்து, எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு போய்க் காப்பகத்தில் ஒப்படைத்திருக்கிறார். நான் அந்த ஒன்பது நாளும் பெரிய சாலை வரை போஸ்டர் ஒட்டிக்கொண்டு, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு அலைந்தேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே போய்விட்டால் பெரும்பாலும் தூரம் போகாது, கிட்டத்திலேயே ஒளிந்துகொண்டு, நாம் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. 2018இல் வந்த ஓர் ஆய்வில் 1,210 காணாமல் போன பூனைகளைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள், கிடைத்தவற்றில் நான்கில் மூன்று 500 மீட்டருக்குள்தான் இருந்தன. ஆகவே தயவுசெய்து முதலில் பக்கத்து வீடுகளில் கதவைத் தட்டி, படிக்கட்டுக்கு அடியில், கொட்டகையில், வண்டிக்குக் கீழே பார்க்கட்டுமா என்று கேளுங்கள். இரவில் ஊர் அடங்கிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள், உடம்பு தெரியாவிட்டாலும் கண் பளபளக்கும்.

காப்பகத்தில் அந்தக் கடிதங்களை எழுதியவரைப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று நாள் வரும் தன்னார்வலர். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் “இவள் பெயர் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். கூண்டின் பக்கம் திரும்பி அவர் மெதுவாக “மிளகு” என்று கூப்பிட்டார், அவள் காது திரும்பியது. அங்கேயே நின்று பதிவேட்டில் எண்ணையும் முகவரியையும் மாற்றிவிட்டுத்தான் கூண்டைத் தூக்கினேன்.

இப்போது அலமாரிக்கு மேலே படுத்திருக்கிறாள். கேமராவைத் திருப்பினால் மிரண்டு இறங்கிவிடுவாள், அதனால் இன்று காட்டவில்லை. நாளை மறுநாள் எடை பார்க்க மறுபடி அங்கே போகிறோம், அந்தத் தன்னார்வலருக்குக் கொடுக்க நானும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி கிண்ணம் முழுக்கக் காலி என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.