355 குதிரையோடு சர்ச்சுக்குப் போய்வந்த கதை

மக்களே, என் சின்னக் கார் குருவி வீட்டுக்கு வந்துவிட்டது! பின்னால் பாருங்கள், கராஜில் நிற்கிறது. பின் பம்பர் புதுசு. பெயிண்ட் மட்டும் ஒரு சொட்டு வெள்ளை கூடுதல், வெயிலில் பார்த்தால் தெரியும். போன வீடியோவில் சொன்னேனே, இந்தியக் கடை பார்க்கிங்கில் ஒருவர் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து இடித்துவிட்டு, முருங்கைக்காய்க் கட்டோடு இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார் என்று. அதன் பாக்கிக் கதைதான் இன்று.

குருவி பட்டறையில் இருந்த ஒன்பது நாளுக்கு இன்சூரன்ஸில் வாடகை வண்டி கொடுத்தார்கள். நான் கேட்டது சின்ன கார். கவுண்டரில் இருந்த பையன், "சின்னது எல்லாம் தீர்ந்துவிட்டது மேடம், உங்களுக்கு இலவச அப்கிரேடு" என்று சாவியை நீட்டிவிட்டு, எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்து பார்த்தால் கறுப்பாக ஒரு வீடு நிற்கிறது. மூன்று வரிசை, எட்டு சீட், வி8 எஞ்சின். ஏறுவதற்கே படி. கம்பெனிப் பெயர் சொல்லமாட்டேன். இது டெட்ராய்ட் பக்கம், அமெரிக்காவின் கார் ஊர், இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அதில்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்று சாயங்காலமே நாகர்கோவிலுக்கு வீடியோ கால் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுல எத்தன பேரு இருக்கலாம் மக்களே?"

"எட்டு பேரும்மா."

"நீங்க எத்தன பேரு?"

"ரெண்டு."

"பின்ன என்னத்துக்கு?"

பேச்சை மாற்றி, மாமா வீட்டுக் கிணறு தூர் வாரியாச்சா என்று கேட்டுவிட்டேன்.

சரி, பெட்ரோல். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஏழாவது நாள் முள் கீழே வந்துவிட்டது. பங்கில் கார்டைத் தேய்த்து, ஜிப் கோடு போட்டு, குழாயைச் சொருகிவிட்டு நிற்கிறேன். கேலன் 3.19. குருவிக்கு முப்பது டாலருக்குப் போட்டால் தொண்டை வரை நிறையும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே முப்பது தாண்டியது. நாற்பது. ஐம்பது. பக்கத்துப் பம்ப்பில் ஒருவர் வந்து, போட்டு, கண்ணாடி துடைத்து, கிளம்பியும் போய்விட்டார். அறுபத்தைந்தில் எனக்கு லேசாக வியர்க்க ஆரம்பித்தது. சரியாக 75.00 வந்ததும் பம்ப் தானாக நின்றுவிட்டது. அப்பாடா, நிறைந்துவிட்டது என்று குழாயை எடுத்து மாட்டினேன். ரசீதில் பார்த்தால், ஒரு கார்டுக்கு ஒரு தடவைக்கு அவ்வளவுதான் அனுமதியாம். தொட்டி இன்னும் நிறையவில்லை! பம்ப்புக்கே போதும் என்று தோன்றிவிட்டது, வண்டிக்குத் தோன்றவில்லை. மறுபடி கார்டைத் தேய்த்து இன்னொரு 7 டாலர் 30 சென்ட். மொத்தம் 82 டாலர் 30 சென்ட். ரசீது இரண்டையும் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் தினமும் பால் எடுக்கும்போது பார்க்கட்டும் என்று.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட 26 கேலன். ஒரு கேலன் எரிந்தால் சுமார் 8.9 கிலோ கரியமில வாயு வரும். உள்ளே ஊற்றுவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் எரியும்போது காற்றில் இருக்கிற ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்காக வெளியே போகிறது. அப்படியானால் அந்த ஒரு தொட்டிக்கு 220 கிலோவுக்கு மேல். நான் கடைக்கும் வேலைக்கும் சர்ச்சுக்கும் போய்வந்ததற்கு.

இருங்கள், நான் அழுவதாக நினைக்காதீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஸ்டியரிங் கூடச் சூடாகும். போன பனிக்காலத்தில் கிரெடிட் கார்டை வைத்துக் குருவியின் கண்ணாடியைச் சுரண்டினேனே, அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மேலே உட்கார்ந்தால் ஃப்ரீவேயில் எல்லாருடைய தலையும் கீழே தெரிகிறது. மூன்றாவது நாள், முன்னால் மெதுவாகப் போன ஒரு சின்னக் காரைப் பார்த்து, "நகரு" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதுவும் வெள்ளைக் கார். குருவி மாதிரியே. பிடிக்காதது ஒன்றே ஒன்று, அந்தப் பின்கதவு. பொத்தானை அமுக்கினால் மூடுவதற்குள் ஒரு தாலாட்டே பாடி முடித்துவிடலாம், அத்தனை பீப் பீப்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தமிழ் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, ஒரு அமெரிக்கச் சபையின் ஆலயத்தில் மத்தியானம் ஆராதனை என்று கிறிஸ்துமஸ் வீடியோவில் சொல்லியிருக்கிறேன். நான் உள்ளே திருப்பியதும் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எப்போ எடுத்தீங்க அக்கா?", "மாதத் தவணை எவ்வளவு வருது?" பத்து வருஷமாகக் குருவியில் போகிறேன், ஒருவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாடகை வண்டி என்று சொல்ல எனக்கு முழுசாக இரண்டு நிமிஷம் பிடித்தது. அந்த இரண்டு நிமிஷம்தான் மக்களே, இந்த வீடியோவுக்கே காரணம்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். அன்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு பைபிள் பாடம் எடுப்பது என் முறை. பாடம் சாலொமோன் ராஜா. 1,400 இரதம், 12,000 குதிரைவீரர். பிள்ளைகளுக்கு எண் என்றால் கொண்டாட்டம், கத்திச் சொன்னார்கள். நான் என் பங்குக்கு பைபிளில் உபாகமம் என்ற புத்தகத்தையும் எடுத்தேன்: இஸ்ரவேலுக்கு ராஜாவாக வருகிறவன் குதிரைகளைப் பெருக்கக்கூடாது என்று கர்த்தர் முன்னாலேயே சொல்லிவைத்திருக்கிறார், சாலொமோன் கேட்கவில்லை என்று. உடனே கடைசி வரிசையில் ஒரு பையன், எட்டு வயசு, கை தூக்கினான். "ஆன்ட்டி, உங்க வண்டி எத்தனை ஹார்ஸ்பவர்?" எனக்குத் தெரியாது என்றேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. "355." வகுப்பே சிரித்தது. டெட்ராய்ட்டில் வளர்கிற பிள்ளைகள், இவர்களிடம் போய் நான் குதிரைக் கதை சொல்லியிருக்கிறேன்.

ஆராதனையில் வாசித்த சங்கீதத்தில் "சிலர் இரதங்களைக்குறித்தும், சிலர் குதிரைகளைக்குறித்தும் மேன்மைபாராட்டுகிறார்கள்" என்று வந்தபோது நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சபை மூப்பர் அங்கிள் சொன்ன கதையைக் கேளுங்கள். அவர் தொண்ணூறுகளில் இங்கே வந்தவர், கார் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். 2002 நவம்பரில் டெட்ராய்ட்டில் கன்னியாஸ்திரீகள் ஹைபிரிட் கார் ஓட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்களாம்! சீட்டில் போதகர்கள், யூத மதத் தலைவர்கள். ஃபோர்ட், ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரிகளைப் பார்த்து, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற வண்டி செய்யுங்கள் என்று கேட்க வந்திருக்கிறார்கள். அதே சமயத்தில் ஜிம் பால் என்ற போதகரும் அவருடைய சுவிசேஷக் குழுவும், "இயேசு எந்த வண்டி ஓட்டுவார்?" என்று டிவியில் விளம்பரமே போட்டார்கள். அப்போது பிள்ளைகள் எல்லாம் 'இயேசுவானால் என்ன செய்வார்' என்று கையில் பட்டை கட்டிக்கொண்டு திரிந்த காலம், அதிலிருந்து எடுத்தது. அங்கிள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: அந்தக் கன்னியாஸ்திரீகள் ஓட்டிவந்தது டொயோட்டா. அன்றைக்கு அமெரிக்காவில் விற்ற ஹைபிரிட் எல்லாமே ஜப்பான்காரர்களுடையது, டெட்ராய்ட் கம்பெனி எதுவும் ஒன்றைக்கூட விற்கவில்லை. டெட்ராய்ட் தெருவில் ஜப்பான் வண்டியில் வந்து பிரசங்கம் செய்தால் எப்படி இருந்திருக்கும்! அதே வருஷம்தான் ஹம்மர் எச்2 என்ற ராட்சச வண்டியும் கடைக்கு வந்தது. யார் ஜெயித்தார்கள் என்று அங்கிள் சொல்லவில்லை, பார்க்கிங் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அங்கிளிடமும் சொன்னேன். இயேசு நடந்துதான் போனார். ஒரே ஒரு தடவை ஊர்வலமாக வந்தார், அதுவும் கழுதை, அதுவும் இரவல், திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லி வாங்கியது. அவரை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போவானேன்? அப்புறம், ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு பனியில் ஓட்டுகிற ஒரு தாயிடம் போய் நான் கழுதைக்கதை சொல்ல முடியாது. அவளுக்கு எட்டு சீட்டும் வேண்டும்.

ஆனால் இயேசு நேசிக்கச் சொன்ன பிறன் என்று ஒருவன் இருக்கிறானே. கிளம்பும்போது நடந்ததைச் சொல்கிறேன். எஞ்சினைப் போட்டுவிட்டேன். முன்னால் ஐந்தாறு அடியில் எங்கள் சபைத் தங்கச்சி ஒருத்தி என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறாள். டாட்டா காட்டுகிறாள் என்று நானும் ஆட்டினேன். அவள் விடாமல் ஆட்டுகிறாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனவள், ஏதோ தோன்றி நிறுத்திவிட்டு இறங்கினேன். பம்பருக்கு நேர் முன்னால் அவளுடைய நாலு வயசு மகள் குனிந்து ஷூ பட்டையை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். என் கண்ணுக்கு ஒரு முடிகூடத் தெரியவில்லை. பிள்ளை நிமிர்ந்து நின்றாள், அப்போதும் பானட் அவள் தலைக்கு மேலே.

வீட்டுக்கு வந்து தையல் டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து பானட் விளிம்பு 44 அங்குலம். குருவிக்கு முப்பதுகூட வரவில்லை. இங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்துகிற சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு ஒன்று இருக்கிறது, ஐஐஎச்எஸ். 2023-இல் அவர்கள் சொன்னது: பானட் 40 அங்குலத்துக்கு மேலே உள்ள வண்டி இடித்தால் நடந்துபோகிறவர் சாகிற வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த மூக்குள்ள காரைவிட சுமார் 45 சதவீதம் கூடுதல். இதில் பெட்ரோல் இல்லை, கரண்டில் ஓடினாலும் இதே உயரம்தான். ஹம்மரே இப்போது பேட்டரியில் வருகிறது, எடை நான்கு டன்னுக்கு மேல்.

இனி எங்கள் வீட்டு அடுப்பு. அவர் வேலை பார்க்கிற ஆலையில் சீட் செய்கிறார்கள். எந்த சீட்? இதே மாதிரி பெரிய வண்டிகளுக்கு. குருவி மாதிரிக் கார் எவ்வளவு விற்றாலும் எங்களுக்கு ஒன்றும் இல்லை, பெரிய வண்டி ஓடினால்தான் ஓவர்டைம், போனஸ். அந்த மூன்றாவது வரிசை சீட்டை மடக்கிப் பார்த்துவிட்டு அவர் தடவிக்கொடுத்தார், பிள்ளையைத் தடவுகிற மாதிரி. நான் பானட் கணக்கைச் சொன்னதும், "நாங்க சீட்டுதானே செய்றோம், பானட் நாங்க செய்யல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த கேமரா அவருடைய போன வருஷப் போனஸில் வாங்கியது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த கதை பாக்கி. எடுக்கும்போது பெட்ரோல் முள் எட்டில் ஐந்து பங்கில் இருந்தது, நான் படம் எடுத்து வைத்திருந்தேன். இது எங்கள் அம்மா பழக்கம், வாடகைப் பாத்திரம் எடுத்தால்கூட நசுங்கலை எண்ணிவிட்டுத்தான் எடுப்பார்கள். கொடுக்கும்போது முக்கால். அதே பையன் சொல்கிறான், "ஃபுல் டேங்க் கொடுத்தோம் மேடம், குறைவுக்கு நாற்பத்தொன்பது டாலர்." நான் அமைதியாக போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, தேதி நேரத்தோடு அவன் மூக்குக்கு நேரே காட்டினேன். அவன் பார்த்தான். மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் பார்த்தார். நாற்பத்தொன்பது போச்சு! நான் கூடுதலாக ஊற்றியதற்குக் காசு கேட்டேன், அது கிடையாதாம். ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள், கோப்பை மாதிரி.

இன்று குருவியில் உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சிக்னலில் முன்னால் நின்ற வண்டியின் பம்பர்தான் எனக்கு உலகம். ஆலய வாசலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கோ ஒரே பெருமை, நான்தான் சபையிலேயே பரிசுத்தவாட்டி என்று. அந்தப் பையன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"ஆன்ட்டி, இன்னைக்கு எத்தனை குதிரை?"

இந்தத் தடவை நான் பார்த்துவைத்துக்கொண்டு போயிருந்தேன். "158" என்றேன், தலை நிமிர்ந்து.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அதுவும் நிறையதானே ஆன்ட்டி?"