வெயில் போட்ட கறுப்பு: எதைப் பூசுறது, எதை விடுறது

வணக்கம் நேயர்களே. சித்திரை பிறக்கிற நேரம் ரேடியோவில சொல்லுவினமெல்லே, இண்டைக்கு இன்ன இன்ன ஊருகளுக்கு மேல சூரியன் உச்சம் குடுக்குது எண்டு, ஏப்ரல் 5 மட்டில தெற்கில துவங்கி ஒரு பத்து நாளுக்குள்ள எங்கட வன்னிக்கு மேலால வந்திடும். அதைக் கேட்டுப்போட்டு ரேடியோவை நிப்பாட்டிட்டு கச்சான் தோட்டத்துக்குப் போற ஆக்கள் நாங்கள். ஓகஸ்ட் கடைசியில இன்னொருக்கா உச்சம் குடுக்கும், அப்ப இரணைமடுக் குளத்துக்குக் கீழ சிறுபோக அறுப்பு.

நான் கனகாலம் பாமசியில நிண்டனான். வயல்ல இருந்து நேர வந்து, "அக்கா, முகத்தில கறுப்பு விழுந்திட்டுது, கெதியாப் போற கிறீம் ஒண்டு தாங்கோ" எண்டு கேக்காத நாளே இல்லை. அந்தக் கெதியா எண்ட சொல்லிலதான் எல்லாப் பிழையும் துவங்குது.

முதல்ல கண்ணாடியில வடிவாப் பாருங்கோ. கரை தெளிவா, சின்னப் பொட்டு மாதிரி இருந்தா அது வருசக்கணக்கா வெயில் பட்டு வந்தது. ரெண்டு கன்னத்திலயும் ஒரேமாதிரிப் படர்ந்திருந்தா மங்கு, அது பிள்ளை வயித்தில இருக்கேக்கயும் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கேக்கயும் கூட வரும், வெயில் அதைக் கூட்டிவிடும். பரு இருந்த இடம், சொறிஞ்ச இடம் கறுத்தா அது வேற கதை. ஒரு பொட்டு வளர்ந்துகொண்டோ, கரை கோணலா, ரத்தம் கசிஞ்சுகொண்டோ இருந்தா கிறீம் கதையே வேண்டாம், டொக்டரிட்டக் காட்டுங்கோ.

வெள்ளைத் தோல்காரருக்கு, முதல்ல சொன்ன வெயில் பொட்டுக்கு குளிர் நைட்ரஜனைத் தொட்டு விடுவினம், போயிடும். அது மைனஸ் 196 பாகைக் குளிர். நிறத்தைச் செய்யிற செல் மைனஸ் 5 மட்டிலயே செத்துப்போகும், அதால எங்கட நிறத்துக்கு கறுப்புப் பொட்டு போய் வெள்ளைப் பொட்டு வந்து நிக்கும், அது இன்னும் வடிவாத் தெரியும். லேசரும் பீலிங்கும் (மருந்து பூசி மேல்தோலை உரிக்கிறது) கூட அப்பிடித்தான், மண்ணிறத் தோலில பழகின கை செய்தா சரி, இல்லாட்டி சூட்டுக்கே தோல் கறுக்கும். மங்குக்கு லேசர் பிடிச்சு காசையும் குடுத்து, ஆறு மாசத்தில திரும்பி வந்தாக்களை நான் பாத்திருக்கிறன்.

பூசுற மருந்தில ஹைட்ரோகுயினோன்தான் பழைய பெரியவர். 4 வீதக் கிறீம், டொக்டர் சொல்லி, இரவில மட்டும், மூண்டு நாலு மாசம், பிறகு நிப்பாட்டவேணும். வருசக்கணக்காப் பூசினா நீலம் பாஞ்ச கறுப்பா மாறும், அது லேசில போகாது. 1975ல அமெரிக்காவில ரெண்டு டொக்டர்மார் இதோட ட்ரெட்டினொயின் எண்ட விட்டமின் ஏ வகை மருந்தையும், அழற்சியை அடக்கிற ஒரு ஸ்டீரொயிட்டையும் சேர்த்தினம், அந்த வழியில வந்த மூண்டு மருந்துக் கிறீம் இப்பவும் மங்குக்கு நல்லா வேலை செய்யுது, ஆனா அது சில கிழமைக்கான மருந்து. எங்கட ஆக்கள் அதைப் பவுடர் மாதிரி மூண்டு வருசம் பூசுவினம். தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிஞ்சு, மீசை மயிர் முளைச்சு வந்து நிப்பினம்.

என்னைக் கேட்டா அசிலயிக் அசிட் கிறீம்தான். மெதுவா, ஆனா நிதானமா வேலை செய்யும், கர்ப்பமா இருக்கிறவைக்கும் பயமில்லை (ஹைட்ரோகுயினோனும் அந்த மூண்டு மருந்துக் கிறீமும் அவைக்கு ஆகாது). நயசினமைட் எண்ட விட்டமின் பி வகையும் விட்டமின் சியும் துணைக்கு வச்சிருக்கலாம், தனிய நிண்டு பெரிசா வெட்டி விழுத்தாது. தேசிக்காய்ப் புளி மட்டும் வேண்டாம், நான் சின்னப்பிள்ளையில பூசிக்கொண்டு கிணத்தடி வெயில்ல நிண்டு, கன்னம் பொங்கி ரெண்டு மாசம் கறுத்துக் கிடந்தது, புளியும் வெயிலும் சேர்ந்தா அப்பிடித்தான் எரிக்கும்.

ஆனா பகல்ல வெயிலை மறைக்காட்டி இதெல்லாம் ஓட்டை வாளியில தண்ணி அள்ளுற மாதிரி. வெயிலுக்குப் பூசுற சன்ஸ்கிறீன் கிறீமில எஸ்பிஎஃப் எண்டு ஒரு எண் போட்டிருக்கும், அது 30 எண்டா தோலைச் சுடுற கதிரில 97 வீதத்தை மறிக்கும், 50 எண்டா 98, அதுக்காக ரெண்டு மடங்கு காசு குடுக்காதேங்கோ. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிழிஞ்சு முகம் கழுத்துக்குப் பூசி, வேர்த்தா திரும்பப் பூசோணும், மங்குக்காரர் நிறம் சேர்ந்த சன்ஸ்கிறீன் வாங்கினா கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் கொஞ்சம் மறிக்கும். அதுக்கு வழியில்லாட்டி அகலக்கரைத் தொப்பி. ஸ்கூட்டியில போற பிள்ளையள் கைக்கு உறை போடுவினம், முகத்தை விட்டிடுவினம்!

கடைசியா, ஒரு கிழமையில வெளுக்கிற, பேர் விபரம் ஒழுங்கா ஒட்டாத டப்பா ஆரின்ர வீட்டிலயும் இருந்தா, அதில ஸ்டீரொயிட் இருக்கலாம், பாதரசமும் இருக்கலாம், பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கனநாள் பூசினாக்கள் சட்டெண்டு விட்டா முகம் சிவந்து பொங்கும், பயந்து திரும்பவும் அதையே பூசுவினம். அந்த டப்பாவை ஒரு பையில போட்டு, அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ, டொக்டர் பேசினாலும் பரவாயில்லை, காட்டுங்கோ.