27 மாணவர்கள் கேட்ட கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

நாம் சேப்பங்கிழங்கை எப்போதாவது வறுத்துச் சாப்பிடுகிறோம். பசிபிக் தீவுகள் பலவற்றில் அதுதான் சோறு. கடல் ஏறி வந்து தோட்டத்தில் உப்புத் தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளடிக்கும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும். நல்ல மழை பெய்து உப்பு கழுவிப் போகும்வரை அங்கே மறுபடி நடவும் முடியாது. வனுவாட்டு நாட்டின் கதையை இந்தக் கிழங்கிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே எண்பது சொச்சம் தீவுகள், மூன்று லட்சத்தை ஒட்டிய மக்கள். 2015 மார்ச்சில் ‘பாம்’ என்ற புயல் அடித்தபோது நாட்டின் ஓராண்டு வருமானத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. உலகம் கக்கும் கரியமில வாயுவில் அவர்களுடைய பங்கோ கணக்கிலேயே வராது. யாரோ எரித்ததற்கு இவர்கள் வீடு இழக்கிறார்கள்.

2019இல் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பருவநிலையைக் காப்பதில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை, தவறினால் என்ன விளைவு? இதைச் சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிடுவது. 2011இல் பலாவ் நாடு இதே வழியில் முயன்று, ஐ.நா. வாக்கெடுப்புவரைகூடப் போகாமல் நின்றிருந்தது. ஒரு நாட்டால் முடியாததை மாணவர்கள் கையில் எடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அவர்கள் நிவாரணம் கேட்கவில்லை. நிவாரணம் என்றால் கொடுப்பவர் மனம் வைத்தால்தான் உண்டு. வாங்குகிறவர் தலை குனிந்தே நிற்க வேண்டும். கடமை எது என்று கேட்கும்போது சின்னஞ்சிறு தீவும் வல்லரசும் ஒரே தரையில் நிற்கின்றன. அவர்கள் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். இன்னும் பிறக்காத தலைமுறைகளையும் அந்தக் கேள்விக்குள்ளேயே சேர்த்தார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் பொறுமை. தீவுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதைத் தன் கோரிக்கையாக ஏற்று நாடு நாடாக ஆதரவு திரட்டியது. 2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அந்த நாட்டைப் புரட்டிப் போட்டன. அதே மாதம் 29ஆம் தேதி, இந்தக் கேள்வியைச் சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்பதற்காக 130க்கும் மேற்பட்ட நாடுகள் முன்மொழிந்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது.

2024 டிசம்பரில், அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரில் விசாரணை. அந்த மாணவர்கள் தொடங்கிய அமைப்பின் தலைவர், சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியுஹி, நீதிபதிகள் முன் நின்று பேசினார். 2025 ஜூலை 23 அன்று 15 நீதிபதிகளும் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். பருவநிலையைக் காக்கத் தவறுவது சர்வதேசச் சட்டத்தை மீறிய செயலாகலாம். நிலக்கரி, எண்ணெய் எடுக்க உரிமமும் மானியமும் கொடுப்பதுகூட அதில் வரலாம். பாதிக்கப்பட்ட நாடுகள் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு.

இது ஆலோசனைக் கருத்துதான், நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனால் எந்த ஊர் வழக்கறிஞரும் தன் வழக்கில் இதை எடுத்துக் காட்டலாம். இங்கே சட்டம் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீதிமன்றத்தின் இணையதளத்தில் இந்தக் கருத்து முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. நூறு பக்கத்துக்கு மேல் வரும். இன்று இரவே படிக்கத் தொடங்குங்கள்.