கம்பெனி மாறினால் பர்மிட் தானாக மாறாது

வணக்கம். நாமக்கல்லிலிருந்து பேசுகிறேன். என் கையில் இருப்பது ஒரு நேஷனல் பர்மிட்டின், அதாவது லாரி வெளிமாநிலங்களிலும் சரக்கு ஏற்றிச் செல்வதற்கான அனுமதியின், நகல். டிரைவர் சீட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்து, மடிப்பில் கிழிந்து, டீசல் கறை படிந்த தாள். இதில் ஒரு தனி மனிதரின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த லாரியின் நெற்றியில், கடந்த தை மாதம் முதல், 'பிரைவேட் லிமிடெட்' என்று முடியும் ஒரு பெயர் புதுப் பெயின்டில் மின்னுகிறது.

லாரி என் நண்பருடையது. "கம்பெனியில் பங்கு முழுவதும் எனக்கும் என் மனைவிக்கும்தான், வண்டி யாரிடம் கைமாறியது?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு ஆள். அதற்குத் தனி பான் எண், தனி ஜி.எஸ்.டி. பதிவு. தன் லாரியைத் தன் கம்பெனிக்கே கொடுத்தாலும் அது உரிமை மாற்றம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 82ஆவது பிரிவின்படி, பர்மிட்டை வழங்கிய போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அனுமதி கிடைக்கும்வரை, வண்டியைப் பெற்றவருக்கு அந்தப் பர்மிட் எந்த உரிமையையும் தராது. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பார்ட்னர்ஷிப்பை எல்.எல்.பி.யாக (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனமாக) மாற்றுகிறவர்கள், "சொத்தெல்லாம் சட்டப்படி தானாக வந்துவிடும்" என்று சொல்வார்கள். சொத்து வரும். பர்மிட்டோ, அதைத் தந்த சட்டத்துக்கு உட்பட்டே வரும், ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகம் போகாமல் தீராது. ஏற்கெனவே கம்பெனியாக இருப்பது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் ஆள் மாறவில்லை. ஆவணங்களில் பெயரைத் திருத்தினால் போதும்.

வேலையை ஃபைனான்ஸிலிருந்து தொடங்குங்கள். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், கடன் பதிவாகியிருக்கும்போது, கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் நகராது. மாநிலத்துக்குள் என்றால், வண்டியைக் கொடுப்பவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெறுகிறவருக்கு 30 நாட்கள். இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறியதாகவே சட்டம் கருதுகிறது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது. கம்பெனி பெயருக்கு ஆர்.சி. மாறி, பாலிசி பழைய பெயரிலேயே இருக்கும் லாரி நள்ளிரவில் கவிழ்ந்தால், பாடியைக் கட்டும் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். பர்மிட்டும் நேஷனல் பர்மிட் அங்கீகாரமும் வண்டிவாரியாகவே மாறும். ஐந்து லாரிக்கு ஐந்து விண்ணப்பம். அனுமதி வரும்வரை ஓட்ட முடியாதே என்று ஒரே வாரத்தில் எல்லா லாரிகளையும் நிறுத்தினால் தவணை கட்டப் பணம் இருக்காது. எனவே ஒவ்வொன்றாக மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. அதுவரை பழைய பெயரில் உள்ள வண்டிக்குப் பழைய பெயரிலேயே பில் போடுங்கள்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்குப் பர்மிட்டே தேவையில்லை. புக்கிங் ஆபீஸ் வைத்துப் பிறர் சரக்கை ஏற்றுபவர்கள், 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான பதிவையும் புதிய பெயரில் பெற வேண்டும்.

இன்னொன்றை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். லாரி உரிமையாளரான தந்தை காலமாகி, பிள்ளைகள் அந்தத் துக்கத்திலேயே கம்பெனி தொடங்குவதைப் பற்றிப் பேசுகிற வீடுகள் உண்டு. வாரிசு அந்தப் பர்மிட்டில் மூன்று மாதம் ஓட்டலாம். ஆனால் இறந்த 30 நாட்களுக்குள், வண்டியைத் தாம் ஓட்டப்போவதாக ஆணையத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மிஞ்சுவது இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்துக்குள் முதலில் அந்தக் கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கம்பெனிப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.