கொலை வழக்கில் ஜாமீன்: காரணத்தை எழுதுங்கள்

(இளம் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஜாமீன் மனுக்கள் எடுக்கும் நாளில் அமர்வு நீதிமன்றத் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெஞ்சின் ஒரு முனையில் குற்றம் சாட்டப்பட்டவரின் அம்மா. மடியில் மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. மறுமுனையில் இறந்தவரின் மனைவி. பல வழக்குகளில் இருவரும் ஒரே தெரு. ஒரே உத்தரவுக்காக இருவரும் காத்திருக்கிறார்கள்.

கொன்றது யார் என்று ஜாமீன் மனுவில் யாரும் தீர்ப்பு எழுதப்போவதில்லை. வெளியே விட்டால் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, சம்பவத்தில் அவர் பங்கு என்ன என்பதுதான் பேச்சு. எஃப்.ஐ.ஆரில் பத்துப் பேர் இருப்பார்கள். வெட்டியவர் ஒருவர், பைக் ஓட்டியவர் ஒருவர், பழைய பகையில் பெயர் சேர்க்கப்பட்டவரும் இருக்கலாம். பத்துப் பேருக்கும் ஒரே கொலைப் பிரிவு. பிரிவை மட்டும் பார்த்து மனுவைத் தள்ளினால், அந்தக் கடைசி ஆளின் அம்மாவுக்கு என்ன பதில்?

காவலில் வைத்து 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கதை வேறு. கொலை வழக்கானாலும் அப்போது ஜாமீன் உரிமை.

சரி, மற்ற வழக்குகளுக்கு வருவோம். "வழக்கின் தன்மையையும் சூழ்நிலையையும் கருத்தில் கொண்டு" என்ற ஒற்றை வரியோடு முடியும் உத்தரவுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ராஜஸ்தான் கொலை வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் கிட்டத்தட்ட இப்படித்தான் ஜாமீன் கொடுத்தது. காரணம் எங்கே என்று கேட்டு 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், போராடிய விவசாயிகள் மீது கார் ஏறிய சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். 2021 அக்டோபர் 3 அன்று 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் விவசாயிகள். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் காணொலியில் ஜாமீன் விசாரணை நடக்கும்போது, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் வழக்கறிஞருக்கு இணைப்பு அறுந்துபோனது. மறுபடி கேளுங்கள் என்று மனு போட்டும் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஆஷிஷ் மிஸ்ராவுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்தக் குடும்பங்களின் குரலைக் கேட்டாக வேண்டும் என்றது. ஆளைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிது!

அப்புறம், நிபந்தனை. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று எழுதிவிடுகிறோம். எந்த வழியில், எத்தனை மணிக்கு வருவார் என்று எதிராளிக்கும் தெரிந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டுத் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது! அதனால் பழிக்குப் பழி இருக்கும் வழக்கென்றால், வேறு ஊர் ஸ்டேஷனை மனுவிலேயே கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.