பாதியில் நிற்கும் பொருளுக்கு ஓர் அலமாரி

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, என் வீட்டார் கேட்டால் நம்ப மாட்டார்கள் என்கிற அளவுக்கு என்னைப் புகழ்ந்து வரவேற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, கல்வித் துறையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசித் தீர்த்துவிட்ட பேராசிரியர் அவர்களே, பெற்றோர் சங்கப் பொறுப்பாளர்களே, கடைசி வரிசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே காது கொடுத்திருக்கும் ஆசிரியத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். அதிகாரி அவர்களுக்கு வேறொரு நிகழ்ச்சி இருக்கிறதாம். இருந்தும், நான் பேசி முடிக்கும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனியாக ஒரு நன்றி. அவர் ஏன் இருந்தே ஆக வேண்டும் என்பது போகப் போகத் தெரியும்.

நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை வடிவமைப்புச் செயல்திட்டங்களில் வழிநடத்துவது எப்படி? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. அதாவது, ஒரு சிக்கலுக்குத் தீர்வாக ஒரு பொருளைப் பிள்ளைகளே திட்டமிட்டுச் செய்து பார்ப்பது. நான்கு விஷயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறேன். எந்தச் சிக்கலை எடுப்பது, எப்படித் திட்டமிடுவது, எப்படிச் செய்வது, எப்படி மதிப்பிடுவது. நான்குக்கும் சேர்த்து ஒரே பழமொழி வைத்திருக்கிறேன்: பதறாத காரியம் சிதறாது. அதோ, என்னை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், இன்னும் நாலைந்து தடவை வரும்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 11 முதல் 14 வயதுக்காரர்கள். கண்முன் இல்லாத ஒன்றை மனதில் நிறுத்தி, ‘இப்படிச் செய்தால் அப்படி ஆகுமே’ என்று யோசிக்கும் திறன் ஏறக்குறைய 11, 12 வயதில் அரும்புகிறது என்றார் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. அதாவது, திட்டம் போடுகிற மூளை இப்போதுதான் விழிக்கிறது. கையோ பிறந்ததிலிருந்தே விழித்திருக்கிறது. அட்டையையும் கத்தரிக்கோலையும் மேசையில் வைத்துவிட்டு, ‘முதலில் படம் வரையுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாக்கியத்தை முடிப்பதற்குள் நாலு துண்டு வெட்டியிருப்பார்கள். பொருளை அலமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டுத் திட்டம் கேட்பதுதான் அனுபவப்பட்ட ஆசிரியரின் வழி.

முதல் விஷயம், சிக்கலைத் தேர்ந்தெடுப்பது. ‘எதிர்கால நகரம்’, ‘பூமியைக் காப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும்? தெர்மாகோல் வரும், பச்சை வண்ணம் வரும். யோசனை வராது. ஏனென்றால் அந்த நகரத்தில் யாரும் குடியிருக்கவில்லை. ‘எனக்கு இது சரிப்படவில்லை’ என்று சொல்ல ஆளில்லை. அதே வகுப்பில் கை முறிந்து கட்டுப் போட்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கையால் அவளால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. பாட்டிலை அசையாமல் பிடித்துக்கொள்ள மேசையில் ஒரு தாங்கி வேண்டும். இதுதான் செயல்திட்டம். பாட்டிலின் சுற்றளவை அளக்கலாம், மேசை விளிம்பின் தடிமனை அளக்கலாம், அவளையே கேட்கலாம். செய்து முடித்ததும் அவள் திறந்து பார்த்து, ‘வழுக்குது’ என்பாள். அந்த ஒரு சொல்லை எந்த நடுவராலும் சொல்ல முடியாது.

இது ஒன்றும் புதுச் சிந்தனையில்லை. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி சிகாகோவில் 1896-லேயே ஒரு பள்ளி தொடங்கி, பிள்ளைகளைத் தச்சும் நெசவும் சமையலும் செய்ய வைத்துப் பாடம் நடத்தினார். அவர் வழியில் வந்த கல்வியாளர் கில்பேட்ரிக், பிள்ளைகள் ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்தே கற்கும் செயல்திட்ட முறையைப் பற்றி எழுதியது 1918-இல். நூறாண்டு கடந்துவிட்டது. பாடத்திட்டத்தில் இடம் கொடுத்துவிட்டோம், கால அட்டவணையில் இன்னும் கொடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இரண்டாவது, திட்டமிடல். ரைட் சகோதரர்களைப் பார்ப்போம். 1901-இல் அவர்கள் கட்டிய கிளைடர், அதாவது என்ஜின் இல்லாத விமானம், கணக்கில் வந்த அளவுக்குத் தூக்கவில்லை. அடுத்த கிளைடருக்கு மரம் அறுக்க உட்கார்ந்தார்களா? இல்லை. ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார்கள். ஒரு முனையில் விசிறி, உள்ளே கையடக்கமான சின்னச் சின்ன இறக்கை மாதிரிகள். சுமார் 200 வடிவங்களைக் காற்றில் வைத்து அளந்தார்கள், எழுதினார்கள். பிறகுதான் பெரியதைக் கட்டினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் முதல் தடவை பறந்தது 12 வினாடிதான், 120 அடிதான். அதே நாளில் நான்காவது தடவை 59 வினாடி, 852 அடி! பதறாத காரியம் சிதறாது.

அதனால் பிள்ளைகளிடம் நாம் கேட்க வேண்டியது அழகான படம் இல்லை, அளவு போட்ட படம். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து என்று மூன்று பார்வை. பக்கத்தில் பொருள் பட்டியல். அதற்குக் கீழே ஒரு கேள்வி: ‘இது எங்கே முதலில் உடையும் என்று நினைக்கிறாய்?’ இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய குழு பாதிக் கிணறு தாண்டிவிட்டது.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சின்னக் கதைதான் ஐயா.

ஒரு பள்ளியில் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள் காற்றாலை செய்திருந்தார்கள். மேசைமேல் வைக்கும் பொம்மை இல்லை, ஆளைவிட உயரம். மரச்சட்டத்தில் கோபுரம், பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து இறக்கைகள், சுற்றினால் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். வகுப்பறைக்குள்ளேயே வாரக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். கண்காட்சி நாள் காலை, மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காற்று அங்கேதானே இருக்கிறது! வாசல் மூன்றடி அகலம். கோபுரத்தின் அடிச்சட்டம் நாலடிக்கு நாலடி.

ஓர் ஆசிரியர் ‘சாயுங்கள்’ என்றார், சாய்த்தார்கள். இன்னொருவர் ‘திருப்புங்கள்’ என்றார், திருப்பினார்கள். உடற்கல்வி ஆசிரியர் ‘எல்லோரும் சேர்ந்து ஒரே தள்ளு’ என்றார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. கணித ஆசிரியர் கரும்பலகையில் மூலைவிட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தார். விடை சரியாக வந்தது: போகாது! காவலர் வந்தார், ‘கதவைக் கழற்றிவிடலாம்’ என்றார். கழற்றினார்கள். கதவு போனது, நிலை இருக்கிறதே? ‘நிலையையும் பெயர்த்துடலாங்களா?’ என்று அவர் கடப்பாரையோடு கேட்டபோது தலைமையாசிரியரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அலுவலக அறையிலிருந்து ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்தார்கள். செருகினார்கள், முழு வேகத்தில் வைத்தார்கள். காற்றாலை சுற்றியது, விளக்கும் எரிந்தது. மின்சாரத்தால் விசிறி ஓட, விசிறியால் காற்றாலை ஓட, காற்றாலையால் மின்சாரம் வந்தது! பார்வையாளர்கள் வகுப்பறைக்குள் வரிசையில் வந்து கைதட்டிவிட்டுப் போனார்கள்.

சிரித்துவிட்டோம். மீதியையும் கேளுங்கள். நான் அந்தக் குழுவின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில், ஒரு சிறுமியின் கையெழுத்தில், ‘வாசல் எவ்வளவு அகலம்? வெளியே எப்படிக் கொண்டுபோவது?’ என்று இருந்தது. கீழே அடிக்கோடு, அதற்குக் கீழே வெற்றிடம். ‘ஏம்மா, அளக்கலையா?’ என்றேன். ‘அளக்க எழுந்தேன் சார், மணி அடிச்சிருச்சு. அடுத்த பீரியட் அடுத்த வாரம்தான் வந்துச்சு. அதுக்குள்ள எல்லாரும் ரம்பத்தை எடுத்துட்டாங்க.’

திட்டமிடத் தெரியாத பிள்ளைகளா அவர்கள்? கேள்வி சரியான இடத்தில், சரியான நேரத்தில் எழுந்திருக்கிறது. பதறியது யார்? கால அட்டவணை.

அதிகாரி அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாடவேளை 40 நிமிடம். பொருள்களை எடுத்து, குழுவாக உட்கார 8 நிமிடம். ‘போன வாரம் எங்கே விட்டோம்’ என்று தேட 5 நிமிடம். ஒட்டியதை உலர வைத்து, தரையைப் பெருக்கி, கை கழுவ 8 நிமிடம். மீதி 19. மரத்தை ஒட்டும் வெள்ளைப் பசையை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடித்தால் அரை மணி நேரத்தில் ஓரளவு பற்றும், முழு வலுப்பெற ஒரு நாள் ஆகும். பசைக்கே பிடிக்க நேரமில்லாத பாடவேளையில் பிள்ளைக்கு எங்கே பிடிபடும்?

மணி அடித்ததும் பாதி ஒட்டிய பொருள் என்ன ஆகிறது? வைக்க இடமில்லை. புத்தகப் பைக்குள் போகிறது, நசுங்கி வீடு சேர்கிறது. இரவு அப்பா பார்க்கிறார், ‘கொடு இப்படி’ என்கிறார். மறுநாள் நேர்க்கோட்டில் வெட்டி, பளபளவென்று வண்ணம் பூசிய ஒரு பொருள் பள்ளிக்கு வருகிறது. பெற்றோர்கள் கோபிக்காதீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. பள்ளியில் ஓர் அலமாரி இருந்திருந்தால் அந்தப் பொருள் உங்கள் வீட்டுக்கே வந்திருக்காது.

மூன்றாவது, செய்வது. அலை அட்டைப் பெட்டியை வெட்டும் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே அலையலையாக ஒரு தாள் ஓடுகிறதே, அந்த வரி நிற்கும் திசையில் வெட்டிக் கால் வைத்தால் தாங்கும். வரி படுத்திருந்தால் மடங்கிவிடும். ஆசிரியர் இதைச் சொன்னால் பிள்ளை தலையாட்டும். கால் மடங்கி மேசை சரிந்து, துண்டை எடுத்து ஓரத்தை உற்றுப் பார்த்து, திருப்பி வெட்டினால்தான் அது கைக்குள் இறங்கும். நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டினால் நெளியும், குறுக்கே ஒன்று கொடுத்தால் முக்கோணமாகி விறைத்து நிற்கும் என்பதும் இப்படித்தான். சரிவதற்கு ஐந்து நிமிடம், உற்றுப் பார்க்கப் பத்து, திருப்பிச் செய்ய இருபது. நான் இரண்டு பாடவேளைகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கப்போவது இதற்குத்தான்.

பேராசிரியர் அவர்கள் சற்றுமுன் மார்ஷ்மெல்லோ கோபுரத்தைச் சொன்னார். டாம் வூஜெக் என்கிற வடிவமைப்பாளர் பல நாடுகளில் நடத்திக் காட்டிய போட்டி அது. குச்சி போன்ற சமைக்காத நூடுல்ஸான ஸ்பகெட்டி 20, ஒரு கெஜம் ஒட்டு நாடா, ஒரு கெஜம் நூல், உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், 18 நிமிடம். அதில் மழலைப் பள்ளிக் குழந்தைகள் வணிக மேலாண்மை படிக்கும் பெரிய மாணவர்களைவிட உயரமாகக் கட்டினார்கள். ஆகவே திட்டமே வேண்டாம், கை வைத்துவிடலாம் என்றார் பேராசிரியர். பணிவோடு மறுக்கிறேன். பெரியவர்கள் கடைசி நிமிடம்வரை பேசிவிட்டு, பதறிக் கட்டி, உச்சியில் மிட்டாயை வைத்தார்கள், சிதறியது. குழந்தைகள் தொடக்கத்திலேயே மிட்டாயை மேலே வைத்து, விழவிட்டு, மறுபடி கட்டினார்கள். விழுவதற்கும் நேரம் ஒதுக்கியது யார் என்று பாருங்கள். என் பழமொழிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பேராசிரியர் சிரிக்கிறார், ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

தலைவரிடமிருந்து சீட்டு வந்துவிட்டது. நான்காவது விஷயமான மதிப்பீட்டுக்கு நேரமில்லை. ஒன்றே ஒன்று: இறுதிப் பொருளுக்குப் பாதி மதிப்பெண்ணாவது குறைத்து, அதைக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். உடைந்ததை ஒட்டவைத்துக் காட்டும் பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்துக்கு. கத்தி, ரம்பம், சூடான பசைத் துப்பாக்கி ஆகியவற்றின் பாதுகாப்பு பற்றித் தனியாக ஒரு கூட்டமே வைக்க வேண்டும். செயலாளர் ஏற்பாடு செய்வார் என்று நம்புகிறேன்.

தீர்மானத்தை வாசித்துவிடுகிறேன். ஒன்று: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு முறை, இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து, இடையில் மணி அடிக்காமல், வடிவமைப்புக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு: ஒவ்வொரு வகுப்பறையிலும், பாதியில் நிற்கும் பொருள்களை வைக்கப் பூட்டும் அலமாரி ஒன்று தர வேண்டும். ஆழம் இரண்டடி, தட்டுகளை ஏற்றி இறக்கும் வசதியோடு. புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பழைய கோப்புகள் தூங்கும் அலமாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துத் தாள் பின்வரிசையில் இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் தோழர்களிடம் சிவப்புப் பேனாதான் இருக்கும். பரவாயில்லை, அதிலேயே போடுங்கள். முதல் கையெழுத்தை அதிகாரி அவர்களிடம் கேட்கலாம் என்று வந்தேன். அவர் தீர்மானத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போடுவதாகச் சைகை காட்டுகிறார். நிதானமாகவே படிக்கட்டும். பதறாத காரியம்... மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.